இடுப்பில் போட்ட கோடு

போன மாதம் உங்கள் பிரிவில் நடந்த சண்டை, ராஜபாளையத்தில் வீட்டோடு கிடக்கிற என் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் தோளை யார் பார்ப்பது என்று பிசியோதெரபி படித்த பெண்ணும் ஆக்குபேஷனல் தெரபி படித்த பையனும் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று வாதாடியிருக்கிறீர்கள். பெரியவர் நல்ல கையால் நோவு கையைத் தாங்கிக்கொண்டு உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்று மாலையே இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து நியாயம் கேட்டீர்கள். நான் பிடிகொடுத்துப் பேசவில்லை. கோபமில்லை, அலுப்புதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை இந்தச் சண்டையைக் கேட்டிருக்கிறேன். நானே போட்டும் இருக்கிறேன்.

யார் சொன்னது சரி என்று இப்போதும் சொல்லப் போவதில்லை. அதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, உங்கள் இருவரிடமும் இருப்பது வேறு வேறு புத்தகம். புத்தகம் கைகொடுக்காத ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் இப்போது இருக்கிற அந்த மறுவாழ்வுப் பிரிவில் நான் சேர்ந்தபோது, ஆக்குபேஷனல் தெரபி என்ற என் படிப்பை இந்தப் பக்கத்தில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஓ.டி. என்று சொன்னால் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். விரல் பயிற்சிக்குப் பாசிமணி கோக்கச் சொல்வேன், அதனால் நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் ‘பாசி கோக்கச் சொல்ற மேடம்’. பிசியோவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நடக்க முடியாதவரை நடக்க வைப்பது எல்லாருக்கும் கண்ணால் தெரிகிற காரியம். சட்டைப் பித்தானைப் போட வைப்பதும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக வைப்பதும், பழைய வேலைக்குத் திரும்ப வைப்பதும் ஒரு வைத்தியம் என்று யாரையும் நம்ப வைக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அங்கே பிசியோதெரபி பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், என்னை அக்கா என்பார். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார். நோயாளிகள் கூப்பிட்டதுபோல பிசியோ சார் என்றே எழுதுகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் உங்களைவிட மோசமாகச் சண்டை போட்டோம். விரலை நீவிவிட்டால் நான் அவர் வேலையில் கை வைத்தேன் என்பார். அவர் நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழக்கினால் அது என் வேலை என்று நான் நிற்பேன். கடைசியில் ஒரு நாள் கேண்டீனில் உட்கார்ந்து நாங்களே பேசி முடித்தோம். இடுப்புக்கு மேலே நான், இடுப்புக்குக் கீழே அவர். தோள்தான் கொஞ்ச நாள் இழுத்தது. வலி என்றால் அவர், வேலைக்கு வரவேண்டும் என்றால் நான் என்று அதையும் பிரித்துக்கொண்டோம். நிர்வாகத்துக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. அறையின் நடுவில் ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டார்கள். அதன் பிறகு வருடக் கணக்கில் சண்டையில்லை. அமைதியான இடம் என்று வெளியில் பெயர்கூட எடுத்தோம்.

எல்லையே கூடாது என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலின் அப்பா முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். பிசியோ சார் போய்க் காலை மடக்கி நீட்டிப் பழக்கிவந்தார். அந்த நேரத்தில் பிசியோ சார் சிக்குன்குனியா வந்து படுத்துவிட்டார். குளியலறையில் கைப்பிடி வைக்க இடம் பார்க்கத்தான் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு நாளாக் காலை மடக்கவில்லை, இறுகிப் போய்விடும், நீங்களும் தெரபிதானே, மடக்கிவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். பெரியவர் வலியில் முனகினார். வீட்டுப் பெண்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரியைப் போலப் பார்த்தார்கள். எப்படி மடக்குவது என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த வலியில் நிறுத்த வேண்டும், எந்த வலியைத் தாண்டிப் போகலாம் என்று என் கைக்குத் தெரியாது. அது பிசியோ சார் கைக்குத்தான் தெரியும். வேறு ஒரு பிசியோவுக்குப் போன் செய்து, அவர் வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து வசவு வாங்கிவிட்டு வந்தேன். அந்த வக்கீல் அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

இனி பால்ச்சாமி கதைக்கு வருகிறேன்.

பால்ச்சாமிக்கு ஊர் வன்னியம்பட்டி. சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். மாசி மாதம் ஒரு காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் வலப் பக்கத்தில் அடைப்பு. எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிற நிலை. ஆனால் ஆள் கலகலப்பானவர். கையைத் தூக்க முடியாத நாளிலும், என் வேன் பிள்ளைகள் என்னைவிடச் சேட்டை என்று ஏதாவது சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைப்பார். அவர் ஊரில் ஒரு டெய்லர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் முன் சீட்டுக்கு அடித்துக்கொள்வதை நடித்துக் காட்டுவார். எங்கள் பிரிவில் அந்த இரட்டையரைத் தெரியாதவர்கள் கிடையாது.

அவர் தேறிய வேகம் எங்களுக்கே ஆச்சரியம். சித்திரை முடிவதற்குள் கம்பு இல்லாமல் நடந்தார். வைகாசியில் படியேறினார். என் பக்கத்திலும் கை நன்றாகத் திரும்பியது. பிடி வந்தது, விரல் பிரிந்தது. ஒரு நாள் பிசியோ சார் கூடத்தின் நடுவில் அவரை நடக்க வைத்துக் காட்டி, பள்ளிக்கூடம் திறக்கும்போது வண்டியை எடுத்துவிடலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆட்கள் கை தட்டினார்கள். பால்ச்சாமி வலது கையால் தலைக்கு மேலே கும்பிடு போட்டார். அவர் மனைவி ராமலட்சுமி தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் இல்லாத மாதங்களில் வேறொரு வேன்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கும்போதும் பால்ச்சாமி வரவில்லையென்றால் பெற்றோர்கள் அந்த வண்டியையே நிரந்தரமாக்கிக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இதற்கிடையில் எனக்கு ஒரு உறுத்தல். முதலில் அது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் தெரிந்தது. என் மேசையில் அவர் பயிற்சி செய்யும்போது டீ வரும். வைக்கிற பெண் சில நாள் வலப் பக்கம் வைப்பாள், சில நாள் இடப் பக்கம். இடப் பக்கம் வைத்த நாட்களில் டீ ஆறிப்போகும். செத்த நேரம் கழித்து, இன்னும் டீ வரலையே மேடம் என்பார். கண்ணில் கோளாறோ என்று கண் டாக்டரிடம் அனுப்பினேன். பார்வை தெளிவாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்கு ஒரு பெயர் உண்டு, உங்களுக்குத் தெரியும். கண் தெரியும், ஆனால் இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. நோயாளிக்குத் தான் எதையோ விடுகிறோம் என்பதும் தெரியாது. கண்ணை மூடினால் இருட்டு தெரியும், இது அப்படியும் இல்லை. தெரியாத பாதி அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு பிசியோ சாரைத் திரைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“அக்கா, அவரு நடக்காரு. படி ஏறுதாரு, இறங்குதாரு. கால்ல ஒரு குறை சொல்ல முடியாது. வண்டி ஓட்டுறது பிரேக்கும் கிளட்சும். அது என் பக்கம்.”

“ஸ்டியரிங் யார் பக்கம்?” என்றேன்.

அதைக் கேட்டிருக்க வேண்டாம். பேச்சு அந்த இடத்திலேயே தடம் மாறிவிட்டது. ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்க்கிறேன் என்றார். இத்தனை மாதம் தானும் தன் ஆட்களும் பட்ட பாட்டை நான் மதிக்கவில்லை என்றார். நானும் விடவில்லை. எங்கள் படிப்பை நீங்கள் என்றைக்குத்தான் மதித்தீர்கள் என்று பழைய கணக்கையெல்லாம் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் பால்ச்சாமி அந்தப் பேச்சிலிருந்தே காணாமல் போய்விட்டார். பிசியோ சாரும் நானும்தான் மிச்சம். இளைய நண்பர்களே, வாக்குவாதத்தில் நோயாளியின் பெயர் எப்போது கடைசியாக வந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் வீண்.

மதுரையிலிருந்து வாரம் ஒரு முறை வருகிற நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் தினமும் பார்க்கிறீர்கள், ஒரே முடிவாகச் சொல்லுங்கள், வந்து சோதித்துவிட்டு எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டார். ஒரே முடிவுதான் எங்களிடம் இல்லை.

மறுநாள் காலையில் ராமலட்சுமி என்னைத் தனியாக மடக்கினாள். எங்கள் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும், அல்லது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

“மேடம், பிசியோ சார் ஓட்டலாம்ங்காவ. நீங்க வாயே தெறக்க மாட்டேங்கிய. எனக்கு ஒத்த வார்த்தையில சொல்லுங்க. ஓட்டலாமா, கூடாதா?”

கூடாது என்பதுதான் என் எண்ணம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் என் மனச்சாட்சிக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆனால் அவள் வீட்டுக்கு இரண்டு பதில்களோடு போவாள். இரண்டு பதில் கிடைத்த எந்தக் குடும்பமும் தனக்கு வேண்டிய பதிலைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டுக்கு வேண்டிய பதில் எது என்பதில் சந்தேகமே இல்லை. அதே சமயம், எனக்குத் தெரியாது என்று நழுவிக்கொண்டு, அந்த ஒரு வாரத்தில் அவர் வண்டியை எடுத்துவிட்டால் என்ன செய்வது?

இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்கிறோம், அதுவரைக்கும் அவரை வண்டியில் ஏறவிடாதே என்றேன். அவிய நான் சொன்னாக் கேக்க மாட்டாவ என்றாள். உன் தம்பியிடம் சொல்லி பேட்டரி வயரைக் கழற்றிவிடச் சொல், ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்டால் மெக்கானிக் வரவேண்டும் என்று சொல்லிக்கொள் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அன்று பதினொரு மணிக்கு டீ குடிக்கப் பால்ச்சாமியைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போனேன். பிசியோ சாரையும் வரச் சொன்னேன். முதல் நாள் சண்டையின் சூடு ஆறாத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். என் கையில் எந்தத் திட்டமும் இல்லை. மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், நான் பார்ப்பதை அவரும் பார்க்கலாம் என்ற நப்பாசை மட்டும்தான். டீ வருவதற்குள் என்ன பேசுவது என்று தெரியாமல், காலையில் வண்டியை எடுத்தால் எந்த வழியாகப் போவீர்கள், யார் யார் எங்கே ஏறுவார்கள் என்று பால்ச்சாமியிடம் கேட்டேன். வண்டிப் பேச்சு என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஸ்டியரிங் பிடிப்பது போல வைத்துக்கொண்டார்.

“வீட்ட விட்டு எடுத்தா முதல்ல ரேசன் கடை. அங்கன கணேசன் மக ஏறும். பொறவு ரைஸ் மில்லு, மில்லுக்காரர் பேரன். அத விட்டா பால் சொசைட்டி. சொசைட்டி ரைட்டர் வீட்டுப் பிள்ளைய நிக்கும். பொறவு நேர மெயின் ரோடுதான்.”

நான் கவனிக்கவில்லை. பிசியோ சார்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேற யாரும் ஏறலையா பால்ச்சாமி?”

“அம்புட்டுத்தான் சார்.”

“சரி. இப்பச் சாயங்காலம். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்டுலருந்து ஊருக்குள்ள வாரீங்க. இப்பச் சொல்லுங்க.”

“மெயின் ரோட்டுலருந்து திரும்புனா தண்ணித் தொட்டி. அடுத்து டெய்லர் வீடு. ரெட்டைப் பிள்ளைய அங்கனதான் இறங்கும், இறங்கும்போதும் ஒரு சண்ட. பொறவு மாவு மில்லு, மில்லுக்குப் பின்னால இருக்க பாய் வீட்டுப் பிள்ளை. பொறவு நம்ம வீடு வந்துரும்.”

திரும்பி வருகிற வழியில் ரேஷன் கடை இல்லை. ரைஸ் மில் இல்லை, பால் சொசைட்டி இல்லை. போகிற வழியில் டெய்லர் வீடே இல்லை. அவர் தினமும் பேசுகிற, நாங்கள் எல்லாரும் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்த அந்த இரண்டு பிள்ளைகளும் காலையில் அவருடைய வண்டியில் ஏறவே இல்லை. போகும்போது வலப் பக்கம் இருப்பது வரும்போது இடப் பக்கம் ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நினைவில் ஓட்டினாலும் பால்ச்சாமிக்குச் சாலையின் வலப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியில் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பிசியோ சார் டம்ளரை மேசையில் வைத்தார். பால்ச்சாமியின் இடப் பக்கம் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது வராந்தாவில் என்னிடம் கேட்டார்.

“வேன்ல பிள்ளைக ஏறுற கதவு எந்தப் பக்கம்க்கா?”

அவருக்குத் தெரியாமலா கேட்டார். இடப் பக்கம் என்றேன். நடக்கும்போது பால்ச்சாமியின் இடது தோள் கதவு நிலையில் அடிக்கடி இடிப்பதைத் தானும் பார்த்ததாகவும், கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று எண்ணி அதற்கு மேலும் மேலும் பயிற்சி கொடுத்ததாகவும் சொன்னார். நான் டீயைப் பார்த்துக் கண்ணைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். எங்கள் கோடு இடுப்பில் குறுக்காக ஓடியது. பால்ச்சாமியின் நோய் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நெடுக்காக ஓடியிருந்தது. ஆளுக்குப் பாதியை நன்றாகத்தான் பார்த்திருந்தோம்.

டாக்டரிடம் சொன்னோம். அவர் வந்து சோதித்து, இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று முடிவு செய்தார். அதைப் பால்ச்சாமியிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. இந்த நோயைப் பற்றிச் சொல்வது என் படிப்பு, நான் சொல்கிறேன் என்றேன். பிசியோ சார் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் வார்த்தை கொடுத்தது நான், நானே எடுக்கிறேன் என்றார். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து அவரே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பால்ச்சாமி முதலில் அதை வேடிக்கை என்று நினைத்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“கால் நல்லாருக்குன்னு நீங்கதான சார் சொன்னிய?”

“கால் நல்லாத்தான் இருக்கு.”

“கை?”

“கையும் நல்லாருக்கு.”

“அப்ப எதுதான் சார் நல்லா இல்ல?”

எங்கள் இருவரிடமும் பதில் இருந்தது. ஆனால் அவருக்குப் புரிகிற பதில் இல்லை. இல்லாததைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? டீயைச் சொன்னேன், கதவு நிலையைச் சொன்னேன், டெய்லர் வீட்டைச் சொன்னேன். டெய்லர் வீட்டை நான் சொன்னேனே என்றார். சாயங்காலம் சொன்னீர்கள், காலையில் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெறுப்பைப் பார்த்ததில்லை.

“சார் மனசக் கலச்சது நீங்கதான?” என்றார்.

பிசியோ சார் குறுக்கே வந்து, அப்படியில்லை, இது என் முடிவும்தான் என்று மறுபடி மறுபடி சொன்னார். அது பால்ச்சாமியின் காதில் ஏறவில்லை. ராமலட்சுமி எழுந்து, சாவிய இனிமே நான் வச்சுக்கிடுதேன் என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

பள்ளி திறந்தபோது அவள் தம்பி வேனை ஓட்டினான். பிள்ளைகள் பாதிப் பேர் அதற்குள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். பால்ச்சாமி காலையிலும் மாலையிலும் வண்டி கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். எங்களிடம் சிகிச்சைக்கு வருவதை நிறுத்தவில்லை, அது ராமலட்சுமியின் பிடிவாதம். பிசியோ சார் நடைப் பயிற்சியைத் திரைக்கு இந்தப் பக்கமும் கொண்டுவந்தார். அவர் நடக்க வைப்பார், நான் இடப் பக்கம் நின்று கூப்பிட்டுக் கழுத்தைத் திருப்ப வைப்பேன். பச்சைத் திரையை யாரும் அவிழ்க்கவில்லை. ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்தோம், அப்படியே கிடந்தது. பால்ச்சாமி நான் சொன்னதையெல்லாம் செய்வார். என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். எல்லாப் பேச்சும் பிசியோ சாரோடுதான். இரட்டைப் பிள்ளைகள் கதையை அதன் பிறகு நாங்கள் கேட்கவே இல்லை.

ஓரளவு தேறினார். வண்டி ஓட்டுகிற அளவுக்கு வரவில்லை. தெரிந்தவருடைய தேங்காய் மண்டியில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்குகிற வேலை கிடைத்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர் ஓட்டியிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவேளை ஒன்றுமே நடக்காமல் போயிருக்கலாம். நடக்காத விபத்துக்கு யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மனிதனின் வண்டியைப் பிடுங்கியது மட்டும்தான் உங்கள் கணக்கில் நிற்கும். இந்த வேலையில் அந்த மாதிரிக் கணக்கோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு நான் இன்னும் பழகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, சமீபத்தில், எங்கள் பழைய நர்ஸ் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பந்தியில் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வலப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தேன். பால்ச்சாமி. தலை நரைத்திருந்தது. அவருக்கு நான் இடப் பக்கம். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கோபமா, நோயா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ பேரைச் சோதித்த எனக்கு, பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்க்காமல் இருக்கிறாரா, பார்க்க மாட்டேன் என்று இருக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நானும் சாப்பிடத் தொடங்கினேன்.

அவர் இலையின் வலப் பாதியில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். இடப் பாதியில் பொரியல், கூட்டு, ஊறுகாய் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் இலையைப் பிடித்து மெதுவாக அரைச் சுற்றுத் திருப்பினார். நுனி வலப் பக்கம் வந்துவிட்டது. பரிமாறுகிறவன் ஒரு மாதிரிப் பார்த்தான், எதிர்ப் பந்தியிலும் இரண்டு பேர் பார்த்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. வலப் பக்கம் வந்து சேர்ந்த பொரியலை ருசித்துச் சாப்பிட்டார். தட்டைத் திருப்பிப் பார்க்க நாங்கள்தான் பழக்கியிருந்தோம். என்னோடு பேசாமல், முறைத்துக்கொண்டே அவர் கற்றுக்கொண்டது.

மோர் ஊற்றும்போது, அதுவும் பழக்கிய மாதிரியே, கழுத்தை இடப் பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்தார்.

“மேடமா? எப்ப வந்திய?” என்றார்.

அவர் குரலில் கோபமில்லை. வெகுநேரமாகப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை, இப்போதுதான் என்றேன். ராமலட்சுமி அந்தப் பக்கம் பெண்கள் பந்தியில் இருப்பதாகச் சொன்னார். பிறகு பிசியோ சாரைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறார், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன்.

“நல்ல மனுசன் மேடம் அவரு. வண்டிய எடுக்கலாம்னு அவிய கடைசி வரைக்கும் சொன்னாவ” என்றார்.

நான் திருத்தவில்லை. மோரைக் குடித்துவிட்டு இலையை மூடினேன். அவர் எழுந்து கையைக் கழுவப் போனார், கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிசியோ சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடைசிப் பேச்சையும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே அக்கா என்றார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். இலையைத் திருப்பியதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டார், இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“நடை எப்படி இருக்கு? இடது கால் இழுக்குதா?” என்று கேட்டார்.

பால்ச்சாமி எழுந்து போனது தெரியும், எப்படி நடந்து போனார் என்று நான் பார்க்கவே இல்லை. அவர் கையையும் இலையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன்.

“நானும் வந்திருக்கணும்க்கா” என்றார் பிசியோ சார்.